மேனேஜருக்கு ஒரு கொய்யாக் கிளை

மார்ச் 3, செவ்வாய்

இன்று பிரிவுக்கு வந்தவை: குடை ஏழு, பல்செட் ஒன்று, இடது கால் செருப்பு மட்டும் இரண்டு, ஓணான் ஒன்று.

ஓணான் பதினான்காம் நம்பர் பஸ்ஸின் கடைசி இருக்கையில், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து வந்திருக்கிறது. பக்கத்தில் மரக் கைப்பிடி வைத்த கறுப்புக் குடை. கண்டக்டர் இரண்டையும் ஒரே சீட்டில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டு, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே போய்விட்டார். தவறவிட்ட பொருட்கள் பிரிவில் எனக்கு இது பதினோராம் வருஷம். மூச்சு விடுகிற பொருள் இதுவரை வந்ததில்லை.

பதிவேட்டில் அதற்குப் பத்தியும் இல்லை. பிரிவு அதிகாரி குனிந்து அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

"தோல் பொருட்கள்ல போடும்மா."

"சார், உயிரோட இருக்கு."

"தோல் இருக்குல்ல?"

போட்டுவிட்டேன். வரிசை எண் 412. நிறம்: மணல். சேதம்: வால் நுனி இல்லை. முப்பது நாளில் யாரும் வராவிட்டால் ஏலம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். பிஸ்கட் ஃபேக்டரி மூடி ஏழு மாதமாகிறது. இருபத்திரண்டு வருஷம் அங்கே அடுப்புப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். இப்போது ஜன்னலோர நாற்காலி. முதல் மாதம் ஃபேக்டரியைத் திட்டினார். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை "ம்" என்று நான் எண்ண ஆரம்பித்தது எப்போது? இன்று ஒன்பது.

மார்ச் 6, வெள்ளி

சனி ஞாயிறு ஆபீஸ் பூட்டு. பெட்டியோடு வந்த சூட்டு விளக்கு பூட்டின ஆபீஸில் எரியக்கூடாது என்று விதி. விளக்கில்லாவிட்டால் ஓணான் விறைத்துவிடும். ஆகவே 412ஐ நான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். அதிகாரி மூன்று பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது மறந்துவிடக் கூடாதே என்று வழிநெடுக அதையே நினைத்துக்கொண்டு, என் சாப்பாட்டுப் பையை விட்டுவிட்டேன். திங்கட்கிழமை எனக்கு நானே சீட்டுப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

பெட்டியை மேசையில் வைத்ததும் இவர் திரும்பிப் பார்த்தார். நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினார். ரொம்ப நேரம் கழித்து:

"எங்க மேனேஜர் மாதிரியே இருக்கான்."

இந்த வாரத்தின் முதல் முழு வாக்கியம். உண்மைதான். அதே தாடை, எதைக் கேட்டாலும் அரைக்கண் மூடுகிற அதே வழக்கம்.

மார்ச் 7, சனி

நான்கு நாளாக எதுவும் தின்னவில்லை. கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். இது தாடி ஓணானாம். கோபம் வந்தால் தாடி கறுக்குமாம்.

"நோய் ஒண்ணும் இல்ல. இது ஏறுற ஜாதி. ஏற ஒண்ணுமில்லாம தரையிலயே கிடக்கு. விளக்குக்குக் கிட்ட போனாத்தான் சூடு ஏறும், சூடு ஏறினாத்தான் செரிக்கும். செரிக்காதுன்னு அதுக்கே தெரியும், அதான் திங்க மாட்டேங்குது. ஒரு நல்ல கிளை வைங்க. சும்மா பிளாஸ்டிக் இல்ல, மரம்."

டாக்டரம்மா ஓணானைப் பற்றித்தான் சொன்னார்.

கிளையை ஒடித்து அப்படியே வைத்துவிடக் கூடாதாம். பிசின் வடிகிற மரம் ஆகாது. அரளியைத் தொடவே கூடாது. மருந்து அடித்த மரமும் வேண்டாம். பச்சைக் கிளை பூசணம் பிடிக்கும், காய்ந்ததாக வேண்டும். வெந்நீரில் ஊறப்போட்டு, சோப்புப் போடாமல் தேய்த்து, அப்புறம் மிதமான சூட்டில் சுட்டு எடுக்க வேண்டும். உள்ளே இருக்கிற பூச்சி, முட்டை எல்லாம் சாக வேண்டும், மரம் கருகக் கூடாது. பக்கத்திலேயே நிற்க வேண்டும், தீப்பிடித்துக்கொள்ளும். "ரெண்டு வாரத்துக்கு மேல இழுக்காதீங்க, தாங்காது" என்றார். அதுவரை சிரிஞ்சில் கூழ் கொடுக்கச் சொன்னார்.

மார்ச் 9, திங்கள்

அதிகாரி ஆட்சேபம். வந்த பொருளை வந்த நிலையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். கிளை வைத்தால் அது கூடுதல் பொருளாகிவிடும்.

"கிளை இல்லன்னா செத்துரும் சார்."

யோசித்தார். செத்தால் எந்தப் பத்தி என்று யோசித்திருப்பார். கடைசியில் கோப்பில் எழுதினார்: "மரக்கிளை — தற்காலிக இணைப்பு. திருப்பித் தரும்போது அகற்றப்பட வேண்டும்." பொருள் என் வீட்டிலேயே இருக்கலாம் என்றும் எழுதிவிட்டார். கொடுக்கும்போது பெட்டியைவிட்டு இரண்டடி தள்ளியே நின்றார். பயம்தான் அவருக்கு.

மார்ச் 10, செவ்வாய்

டெப்போவின் பின்னால் விழுந்து கிடந்த கிளை ஒன்றைக் கொண்டுவந்தேன். இவர் வாங்கி மோந்து பார்த்தார். "டீசல்" என்றார். பால்கனியில் போட்டுவிட்டார்.

மார்ச் 11, புதன்

பூங்காவுக்குப் போனேன். தோட்டக்காரரிடம், "இந்த மரத்துக்கெல்லாம் மருந்து அடிப்பீங்களா?" என்று கேட்டேன். முதுகில் மருந்து டின்னும் கையில் குழாயுமாக நின்றுகொண்டு என்னையே பார்த்தார்.

"இல்லம்மா. இது முதுகு வலிக்குக் கட்டியிருக்கேன்."

திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவின் கொட்டகைக் கூரைமேல் போன வருஷக் காற்றில் முறிந்த கொய்யாக் கிளை அப்படியே காய்ந்து கிடக்கிறது. மருந்து அடித்ததா என்று கேட்டேன்.

"மருந்தா? தண்ணியே ஊத்துறதில்ல. அது ஏதோ வைராக்கியத்துல காய்ச்சிக்கிட்டிருக்கு."

அழகான கிளை. நடுவில் கவை, இரண்டு விரலை விரித்த மாதிரி. இவர் எழுந்தார். அளவுநாடா எடுத்தார். எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்கவில்லை, நேரே போய் எடுத்தார். பெட்டி இரண்டடி, கிளை இரண்டடிக்கு ஒரு விரல் கம்மி. சுத்தியல் பிடியால் கிளையை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துக் காதில் வைத்துக் கேட்டார்.

"உள்ள ஆளிருக்கு."

எறும்பு. நாற்பதுக்குக் குறையாது.

மார்ச் 13, வெள்ளி

ஊறப்போட்டாயிற்று. துணி துவைக்கும் டப்பில் கிளை படுத்திருக்கிறது, மிதக்காமல் இருக்க மேலே என் இஸ்திரிப் பெட்டி. குளியலறையில் கால் வைக்க இடமில்லை. முகம் மட்டும் கழுவிக்கொண்டு ஆபீஸ் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் குளியலறைக் கதவில் ஒரு தாள். இவர் கையெழுத்து.

காலை 8.10 — நீர் மாற்றம். நிறம்: டீ.
11.40 — நீர் மாற்றம். நிறம்: லேசான டீ.
2.15 — நீர் மாற்றம். நிறம்: விருந்தாளிக்குக் கொடுக்க முடியாத டீ. வண்டு 1, வெளியேற்றம்.

மூன்று தடவை படித்தேன். ஃபேக்டரியிலிருந்து வீட்டுக்கு வரும் தாள்கள் இப்படித்தான் இருக்கும். அதில் டீ இருக்காது.

மார்ச் 15, ஞாயிறு

என் பிரஷ். என் பல் தேய்க்கிற பிரஷ்ஷ எடுத்து மரத்தைத் தேச்சிருக்கார் மனுஷன். காலையில எந்திரிச்சு வாயில வைக்கப் போறேன், மரப்பட்டை. கொய்யா வாசம். கேட்டா என்ன சொல்றார் தெரியுமா?

"உன்னோடதுலதான் முடி கெட்டியா இருந்துச்சு."

"உங்களோடது என்ன ஆச்சு?"

"என்னோடது நான் பல்லு தேய்க்கணுமே."

அரை மணி நேரம் சண்டை. நான் பழசெல்லாம் இழுத்தேன். கல்யாணத்தன்று என் அண்ணனை மதிக்கவில்லை என்பது வரைக்கும் போனேன். இவரும் விடவில்லை, வரிக்கு வரி பதில். கீழ்வீட்டுத் தையல் மெஷின் நின்றுவிட்டது, அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

ஏழு மாதத்தில் முதல் சண்டை. மத்தியானம் இருவரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

மார்ச் 17, செவ்வாய்

எங்கள் வீட்டு ஓவன் ஒரு அடி. வெட்டிவிடலாம் என்றேன். "வெட்டினா கவை போயிரும். கவையிலதான் அவரு படுக்கணும்" என்றார். எப்போதிலிருந்து மேனேஜர் "அவரு" ஆனார் என்று தெரியவில்லை.

கதவைத் திறந்தபடி பாதிக் கிளையை உள்ளே, பாதியை வெளியே வைத்தார். இடைவெளியை ஈரத்துணியால் அடைத்தார். பத்து நிமிஷத்தில் துணி புகைந்தது. இருபதில் வீடே புகைந்தது. தையல்கார அம்மா வாளித் தண்ணீரோடு மேலே ஓடிவந்து, எதன்மேல் ஊற்றுவது என்று தெரியாமல் நின்றார். மேனேஜருக்குத் தாடி கறுத்துவிட்டது.

கிளையின் ஒரு நுனி கரி. இவர் கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். போச்சு. அவ்வளவுதான். பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னார்: "அடுப்பு மேல தப்பில்ல. ஈரம் போறதுக்குள்ள நான் அவசரப்பட்டுட்டேன். எங்க லைன்ல யாராவது இப்படிச் செஞ்சிருந்தா நானே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

"நீங்க வீட்லதான இருக்கீங்க" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

சிரித்தார். நிஜமாக.

மார்ச் 18, புதன்

குடைக்கு ஆள் வந்தது. முப்பது வயதிருக்கும், போட்டோகிராஃபராம், கழுத்தில் கேமரா. பதினான்காம் நம்பர் பஸ், கறுப்பு, மரக் கைப்பிடி. எல்லாம் சரியாகச் சொன்னார்.

"ஒரே சீட்ல ஓணானும் இருக்கு சார்."

"எது?"

"ஓணான். பெட்டியோட."

"அது என்னோடது இல்லீங்க. குடை மட்டும் போதும்."

ஒரு சீட்டில் இருப்பதைப் பிரித்துக் கொடுக்க முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். போட்டோகிராஃபர் குடையை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 20, வெள்ளி

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

இரண்டு நாள் பால்கனி வெயிலில் கிளை காய்ந்தது. கரிந்த நுனியை இவர் சீவிவிட்டார். மத்தியானம் அரைநாள் லீவு போட்டேன். கிளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, முனையிலிருக்கும் பேக்கரிக்கு இருவரும் போனோம். காலை ரொட்டி முடிந்து அடுப்புச் சூடு இறங்குகிற நேரம்.

"கிளையையா? என் அடுப்புலயா?" என்றார் பேக்கரிக்காரர். கை நிறைய மாவு.

இவர் அடுப்புக்கு முன்னால் போய் நின்றார். அடுப்பு வாய்க்கு நேரே உள்ளங்கையைக் காட்டி, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினார். ஆசீர்வாதம் செய்கிற மாதிரி இருந்தது, எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"இடது பக்கம் பின் மூலையில ரொட்டி கருகுதா?"

பேக்கரிக்காரர் மாவுக் கையைத் துடைத்தார். "மூணு வருஷமா. எத்தனையோ பேரைக் கூப்பிட்டுக் காட்டிட்டேன்."

"உள்ள செங்கல் விரிசல் விட்டிருக்கு. சூடு அங்கயே சுத்துது. முழுசா ஆறின அன்னைக்கு என்னைக் கூப்பிடுங்க."

அவ்வளவுதான். கிளை உள்ளே போனது. நூற்றிருபது டிகிரி, இரண்டரை மணி நேரம். இவர் ஸ்டூலைப் போட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திருப்பினார். கடை முழுக்க லேசாக இனிப்பு வாசம்.

சாமான் வாங்க வந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "இது என்ன ரொட்டி?"

"ஆர்டர்ல செய்றது" என்றார் பேக்கரிக்காரர், தலையைத் தூக்காமல்.

"சனிக்கிழமைக்கு எனக்கொண்ணு கிடைக்குமா?"

"கவை வச்சதா, வைக்காததா?" என்று கேட்டது இவர். என் வீட்டுக்காரர். ஏழு மாதமாக "ம்" சொன்னவர்.

வெளியே எடுத்தபோது கிளை சந்தனமாகவும் இல்லாமல் பிஸ்கட்டாகவும் இல்லாமல் ஒரு நிறம். ஆறுகிற வரைக்கும் மூன்று பேரும் அதைச் சுற்றியே நின்றோம்.

மார்ச் 21, சனி

கூரான இடமெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தார். தேய்த்த பிறகு தன் கன்னத்தை அதன்மேல் ஓட்டிப் பார்த்தார், மேனேஜரின் வயிறு கீறாமலிருக்க. இரண்டு முனையையும் பெட்டியில் அசையாமல் பொருத்தினார். ஆட்டிப் பார்த்தார். என்னையும் ஆட்டச் சொன்னார். கவை விளக்குக்குக் கீழே சரியாக முக்கால் அடியில். டாக்டரம்மா சொன்ன தூரம்.

மேனேஜரை உள்ளே விட்டோம். கிளையைப் பார்த்தார். அரைக்கண் மூடினார். கிளைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 22, ஞாயிறு

ஏறவில்லை.

மார்ச் 23, திங்கள்

ஏறவில்லை. இவரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் தின்றுகொண்டிருக்கிறேன். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "எடை ரொம்பக் குறைஞ்சிருச்சு. வியாழக்கிழமை கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றார். அந்தப் "பார்க்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை. இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தேன். இவர் வெளியே போகிற சட்டையும் பூட்ஸும் போட்டு, பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உதட்டில் விரல்.

மேனேஜர் கவையில். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம், முன்னங்கை ஒன்று காற்றில் தொங்க, வாயை லேசாகத் திறந்துகொண்டு விளக்குச் சூட்டை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"எப்போ?"

"ரெண்டு இருபதுக்கு. அப்புறம் புழு மூணு, கீரை ஒரு இலை. நாலு மணிக்கு வெளிக்கும் போயிட்டாரு."

தாளில் எழுதியும் வைத்திருக்கிறார். நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஒரு ஓணான் வெளிக்குப் போனதற்கு ஒரு பொம்பளை அழுவாளா? அழுதேன்.

"பூட்ஸ் எதுக்கு?" என்று பிறகுதான் கேட்டேன்.

"பேக்கரிக்காரர் கூப்பிட்டாரு. அடுப்பு ஆறிடுச்சாம். மேனேஜர் ஏறிட்டு இருந்தாரா, நகர முடியல. இப்ப போயிட்டு வரேன்."

மார்ச் 26, வியாழன்

டாக்டரம்மா எடை போட்டார். கூடியிருக்கிறது. கிளையின் போட்டோவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். குடைக்காரர் இன்றும் வந்து, இன்றும் வெறுங்கையோடு போனார்.

மார்ச் 30, திங்கள்

ஏலம் வியாழக்கிழமை. ஊழியரும் ஊழியர் குடும்பமும் கலந்துகொள்ளக் கூடாது. இதை எழுதிய விதிப் புத்தகத்தையே என் மேசைக் காலுக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன், மேசை ஆடுகிறதென்று.

குடைக்காரர் மூன்றாம் முறை. அதே பேச்சு. ஓணான் தன்னுடையது இல்லை. எனக்கு அலுத்துவிட்டது. பேசாமல் போனை எடுத்து, மேனேஜர் கவையில் தொங்குகிற போட்டோவைக் காட்டினேன். வாங்கினார். விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"கீரைய இன்னும் பொடிசா நறுக்கணும்" என்றார். அப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

நான் நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார். வாடகை வீடு போய்விட்டதாம், மனைவியோடு மாமனார் வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார். மாமனாருக்கு ஓணான் ஆகாது. யாரிடம் கேட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் விட்டால் நல்லவர் யாராவது எடுத்துப் போவார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"ஓணானை வேணும்னுதான் விட்டேன் மேடம். குடையை மறந்துட்டேன். குடை மாமனாரோடது. அது இல்லாம வீட்டுக்குள்ள நிம்மதியாப் போக முடியல, ஓணானோடயும் போக முடியாது."

திட்டத்தான் நினைத்தேன். போனை இன்னும் திருப்பிக் கொடுக்காமல் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னத்தைத் திட்ட?

"புதன்கிழமை வாங்க. ரெண்டுக்கும் கையெழுத்துப் போடுங்க. கேட்டைத் தாண்டிட்டா பொருள் உங்களோடது. உங்க பொருளை யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம், அதுக்கு விதி கிடையாது."

ஏப்ரல் 1, புதன்

பெட்டி ஆபீஸுக்கு வந்தது. "தற்காலிக இணைப்பு கழட்டியாச்சா?" என்று அதிகாரி தூரத்திலிருந்தே கேட்டார். கழற்றியாயிற்று. இணைப்பு எதிர்ப் பக்க பஸ் நிறுத்தத்தில், போர்வை சுற்றி, இவர் மடியில்.

குடைக்காரர் குடையையும் பெட்டியையும் எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். கேட்டைத் தாண்டினார். ரோட்டைத் தாண்டினார். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். பிறகு தாங்காமல் நானும் ஓடினேன்.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் பெட்டியை வைத்து, இவர் கிளையைப் பொருத்திக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். ஒரு பஸ் வந்து போனது, யாரும் ஏறவில்லை. இவர் கேள்விமேல் கேள்வி கேட்கிறார், குடைக்காரர் பதில் சொல்கிறார்: தோல் எத்தனை நாளைக்கொரு தடவை உரியும், எந்தப் புழு சேராது, வால் நுனி எப்படிப் போச்சு. எல்லாவற்றையும் இவர் எழுதிக்கொண்டார்.

"மாப்ளன்னு கூப்பிடுவேன்" என்றார் குடைக்காரர். "கூப்பிட்டாத் திரும்பும்."

"இங்க மேனேஜர்."

"அப்ப பதவி உயர்வு" என்றார்.

அதற்குள் மேனேஜர் ஏறிவிட்டார், கவைக்கு, யாரும் சொல்லாமலே. குடைக்காரர் அதைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடையை விரித்து, முகம் தெரியாமல் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்துபோனார்.

ஏப்ரல் 6, திங்கள்

இவர் பேக்கரியில். பின் மூலை சரியாகிவிட்டது. "நாளைக்கும் வாங்க" என்றாராம் பேக்கரிக்காரர். எந்த நாளை வரைக்கும் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

விடிகாலை நாலு மணிக்குப் போய் மத்தியானம்தான் வந்தார். சட்டையெல்லாம் மாவு. சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தார்: புது மாவு ஈரம் அதிகம், அதனால் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டினார், அதற்குப் பேக்கரிக்காரர் என்ன சொன்னார், இவர் என்ன சொன்னார், அதற்கு அவர் என்ன சொன்னார். தட்டு காய்ந்துவிட்டது, பேச்சு நிற்கவில்லை. நான் பாயில் சாய்ந்துகொண்டு கேட்டேன். எந்த இடத்தில் தூங்கிப்போனேன் என்று தெரியவில்லை.

கண் விழித்தபோது மீதியை மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.